கோயிலில்லாத வாத்தியம்: பேண்டு, சாதி, தெரு

தமிழிசை வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்படுவது இரண்டு கதையாடல்களாலானது. ஒன்று, அரங்கேற்று காதையில் தொடங்கி, தேவாரப் பண்கள் வழியாக வந்து, மும்மூர்த்திகளைத் தாண்டி சபா மேடையில் உட்கார்ந்துகொள்கிற கதை. இன்னொன்று, அதற்கு எதிராக எழுந்த நாட்டார் கதை: பறை, உறுமி, பம்பை, நையாண்டி மேளம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் முதலாவதைப் பாடமாகவும், வகுப்புக்கு வெளியே இரண்டாவதைக் கலகமாகவும் படித்த தலைமுறை என்னுடையது. இந்த இரண்டிலும் அடங்காத ஒரு சத்தம் தூத்துக்குடித் தெருக்களில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மாதா சப்பரத்துக்கு முன்னால், கல்யாண மாப்பிள்ளை காருக்கு முன்னால், புதுநன்மை எடுக்கும் பிள்ளைகளின் வரிசைக்கு முன்னால், கல்லறைக்குப் போகிற பெட்டிக்கு முன்னால். அதைத்தான் பேண்டு என்கிறோம். பண்டிதர்களுக்கு அது பரங்கிச் சத்தம். நாட்டார் வழக்காற்றியல்காரர்களுக்கு அது நாட்டாரே அல்ல. ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நம் தெருவில் நடந்துகொண்டிருக்கும் ஓர் இசைக்கு வரலாறு கிடையாது என்று ஆகிவிட்டது. இந்த விடுபடல் தற்செயலானதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஒரு பெயர் விஷயம். இங்கிலாந்தில் பித்தளைப் பேண்டு என்றால் முழுக்கப் பித்தளைக் குழல்கள்தான். கிளாரினெட்டுக்கு அங்கே இடமில்லை. நம்மூர் பேண்டு செட்டில் முன்னால் நின்று மெட்டை எடுத்துக் கொடுப்பதே பெரும்பாலும் கிளாரினெட். டிரம்பெட், யூபோனியம், சாக்ஸபோன் பின்னால் வரும். சைடு டிரம், பெரிய டிரம், ஜால்ரா, குலுக்குகிற மராக்கஸ், இதுதான் செட். கிளாரினெட் இங்கே தங்கிப் போனதற்குக் காரணம் உண்டு. விரலால் துளையை அரைகுறையாக மூடி ஸ்வரத்தை வழுக்க விடலாம், கமகத்துக்குப் பக்கத்தில் போகலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே மகாதேவ நட்டுவனார் இதைச் சின்னமேளத்துக்குள், சதிராட்டத்துக்குப் பக்கவாத்தியமாகக் கொண்டுவந்துவிட்டார். பிறகு திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைக் கச்சேரி மேடைக்கே கொண்டுபோனார். அதாவது கிளாரினெட் தனியாக வந்தால் கர்னாடக சங்கீதம். பேண்டோடு சேர்ந்து வந்தால் சத்தம். ஒரே குழல்தான்!

மேல்தட்டு வழியாக இந்த இசை வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகலாம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையில் ஐரோப்பிய பேண்டு ஒன்றை வைத்திருந்தார். அவர் சேகரித்த மேற்கத்திய இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. முத்துசாமி தீட்சிதர் கோட்டைப் பட்டாளத்து பேண்டு மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் சாகித்தியம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று அவற்றுக்குப் பெயர். பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டுக்கே ஒன்று உண்டு. பின்னால் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877-1945) ஓர் இங்கிலீஷ் நோட்டு செய்தார். மதுரை மணி ஐயர் அதைப் பாடிப் பாடியே பிரபலமாக்கினார். இந்த வரிசையில் யாரையும் யாரும் பரங்கி என்று சொன்னதில்லை. அரண்மனையும் சபாவும் எடுத்துக்கொண்டால் அது 'ஏற்றல்'. தெரு எடுத்துக்கொண்டால் 'சீரழிவு'. நமது இசை விமர்சனத்தின் இந்த இரட்டை நாக்கைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

கடற்கரை வழியாக வந்த கதை வேறு. 1530களில் பரதவர்கள் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். 1542இல் சவேரியார் வந்தார். போர்த்துகீசியர், 1658இல் டச்சுக்காரர், 1825இல் ஆங்கிலேயர் என்று துறைமுகம் கை மாறியது. கொடி மாறியதே தவிர திருவிழா மாறவில்லை. 1713இல் கட்டப்பட்ட பனிமய மாதா கோயில், 1806இல் முதன்முதலாக ஓடிய தங்கத்தேர், ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்டு 5 பெருவிழா: இதெல்லாம் ஒரு சாதியின் அரசியல் உடல், சாதித் தலைவரைச் சுற்றி அடுக்கப்பட்ட மரியாதைகளின் வரிசை. வேதம் மாறினாலும் தேர், சப்பரம், வடம், மேளம் என்ற கட்டமைப்பு அப்படியே நின்றது. இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. தேர் உண்டு, சரி. மேளம் யாருடையது?

1704இல் பாண்டிச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். மதுரை, மைசூர், கர்னாடக மிஷன்களில் சேசு சபையினர் அனுமதித்திருந்த உள்ளூர் வழக்கங்களைத் தடை செய்த ஆணை அது. மலபார் சடங்குத் தகராறு என்று திருச்சபை வரலாற்றில் வரும். தாலி, திருநீறு, பூப்புச் சடங்கு பற்றியெல்லாம் பேசுகிற அந்த ஆணையில் ஒரு பிரிவு வாத்தியக்காரர்களைப் பற்றியது: கிறிஸ்தவ வாத்தியக்காரர்கள் இந்துக் கோயில் விழாக்களில் வாசிக்கக் கூடாது. தடை போட வேண்டியிருந்தது என்றாலே வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்றுதான் அர்த்தம். ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் வாத்தியக்காரன் தன் ஊர்க் கோயிலுக்குப் போய் ஊதினான், அடித்தான். விசுவாசக் குறைவால் அல்ல. மேளம் என்பது அவன் விரும்பிச் செய்கிற தொழிலல்ல, அவன் மேல் விழுந்த முறை. களத்து மேட்டில் அளக்கிற நெல்லும், அளக்காவிட்டால் விழுகிற அடியும் சேர்ந்ததுதான் முறை.

இதை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேண்டின் இடம் இதற்குள்தான் இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் கோயிலோடு கட்டப்பட்டவை. எந்தக் காலத்தில் எந்த ராகம், எந்த வீதி முக்கில் என்ன உருப்படி என்பது வரைக்கும் கோயில் தீர்மானிக்கிறது. பறை ஊரோடும் சாவோடும் கட்டப்பட்டது: இழவு சொல்வது, தண்டோராப் போடுவது, பிணத்துக்கு முன்னால் அடித்துப் போவது. ஒன்றில் மரியாதை இருக்கிறது, இன்னொன்றில் இழிவு இருக்கிறது. ஆனால் இரண்டிலும் வாசிக்கிறவன் 'வரமாட்டேன்' என்று சொல்ல முடியாது. மரியாதை என்றேன், அதுவும் அரைகுறை மரியாதைதான். ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கிராப்பு வைத்துக்கொண்டதும், சட்டை போட்டுக்கொண்டதும், மேடையில் உட்கார்ந்து வாசித்ததும் எத்தனை பெரிய பேச்சாயிற்று என்று நமக்குத் தெரியும். அவருடைய சீடர், கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலம் (1921-1964) காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவர் நட்சத்திரமாக நடந்துபோக முடிந்தது. ஊதுகிற வாத்தியம் என்றால் எச்சில், அடிக்கிற வாத்தியம் என்றால் தோல். நம் வாத்தியங்களின் படிநிலை இந்த இரண்டு தீட்டுகளைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மிருதங்கம் மேடையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தோல் பதப்படுத்தி மூட்டுகிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்கே இருந்தார்கள் என்பதை டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூல் எழுதுகிற வரைக்கும் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

பேண்டு இந்த அடுக்குக்குள் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் வந்து நுழைந்த ஒன்று. அதற்குக் கோயில் இல்லை, ஸ்தலபுராணம் இல்லை, எந்தச் சாமியும் அதைக் கையில் பிடித்திருக்கவில்லை. எந்தச் சாதிக்கும் அது முறையாக விதிக்கப்படவில்லை. பேண்டுக்காரரை வரவழைக்க வேண்டுமென்றால் அச்சாரம் கொடுக்க வேண்டும். இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இன்ன தொகை, சாப்பாடு யார் செலவு என்று பேசி முடிக்க வேண்டும். அச்சாரம் வாங்காதவரை அவர் வரவேண்டிய அவசியமில்லை. முறையிலிருந்து அச்சாரத்துக்கு நகர்ந்த இந்த நகர்வை நான் சிறியதாக நினைக்கவில்லை. நம் கிராமங்களில் வாத்தியக்காரன் 'அன்னைக்கு வேற ஆர்டர் இருக்கு' என்று சொல்லக்கூடிய நிலை இப்படித்தான் உண்டாயிற்று. திருச்சபைக்கும் இது வசதி என்பது என் வாசிப்பு. 1704இன் பிரச்சனைக்கு, இந்துக் கோயிலுக்குப் போகவே வாய்ப்பில்லாத ஒரு வாத்தியத்தைவிட நல்ல விடை வேறென்ன கிடைக்கும்?

இந்த இடத்தில் வாத்தியத்தின் பொறியமைப்பையும் பார்க்க வேண்டும். பண்பாட்டு விமர்சகர்கள் பொதுவாக இதைத் தொடுவதில்லை. வெறும் குழலில், பட்டாளத்துப் பியூகிளில் வருவதைப் போல, உதட்டை இறுக்கித் தளர்த்தி ஒரு சில ஸ்வரங்களைத்தான் எழுப்ப முடியும். 1810களில் ஜெர்மனியில் வால்வு கண்டுபிடித்தார்கள், 1818இல் காப்புரிமை. மூன்று பொத்தான்கள். நடுப் பொத்தானை அழுத்தினால் குழலின் நீளம் கொஞ்சம் கூடி அரை ஸ்வரம் இறங்கும், முதல் பொத்தானுக்கு ஒரு ஸ்வரம், மூன்றாவதுக்கு ஒன்றரை. மூன்றையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் எல்லா ஸ்வரமும் வந்துவிடும். 1840களில் அடால்ஃப் சாக்ஸ் இதே ஏற்பாட்டைச் சின்னதிலிருந்து பெரியது வரை ஒரு குடும்பமாகச் செய்தார். ஒன்றில் விரல் பழகினவன் மற்றதையும் வாசிக்கலாம். விளைவு என்ன? நாதஸ்வரத்துக்குச் சீவாளி கடிக்கப் பழகவே வருஷக்கணக்காகும், அதுவும் குரு வீட்டில் இருந்து. அந்த வீட்டின் கதவு பிறப்பால்தான் திறக்கும். டிரம்பெட்டில் சில மாதங்களில் ஒரு கீதத்தை ஊதிவிடலாம். கற்றுக்கொள்ள ஆகும் காலம் என்பது நம் நாட்டில் சாதிப் பிரச்சனை. பத்து வருஷத்தைச் சில மாதங்களாகக் குறைத்த கருவி, யார் வேண்டுமானாலும் வாத்தியக்காரன் ஆகலாம் என்ற நிலையையும் கூடவே கொண்டுவந்தது.

தோலும் போயிற்று. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் டிரம்முக்குப் பிளாஸ்டிக் முகம் போட ஆரம்பித்தார்கள்; பிறகு இங்கும் அதுதான். பறையைத் தீயில் காட்டிச் சூடேற்ற வேண்டும், மழையில் தொய்ந்துபோகும். இதற்குத் திருகாணியை முறுக்கினால் போதும். மாட்டை அறுத்தவன் யார், தோலைத் தொட்டவன் யார் என்ற கேள்வியே எழாது. குழல்கள் மீரட்டிலிருந்து வரும். அங்கே ஜலி கோத்தி என்ற பகுதி முழுக்கப் பேண்டு வாத்தியப் பட்டறைகள். 1885இல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அதில் பழையது. மீரட்டு முஸ்லிம் தட்டாரின் கையால் வளைத்த குழல், தூத்துக்குடியில் மாதா சப்பரத்துக்கு முன்னாலும் மாரியம்மன் முளைப்பாரிக்கு முன்னாலும் ஊதப்படுகிறது. தேசிய ஒருமைப்பாடு பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி தெரு. எங்கள் மாவட்டத்தில் தெருவில் வாத்தியத்தோடு நடப்பது என்பது பொழுதுபோக்கு அல்ல, உரிமை வழக்கு. 1895இல் கழுகுமலையில் தேர் வீதியில் பல்லக்கோடு ஊர்வலம் போகும் உரிமை நாடார்களுக்கு மறுக்கப்பட்டு, அவர்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராகி, அதே வீதியில் இடம் வாங்கி, கடைசியில் பங்குனித் தேரன்று கலவரம் வெடித்து உயிர்கள் போயின. எந்தச் சாதி எந்தத் தெருவில் எந்த மேளத்தோடு போகலாம் என்பது எழுதி வைக்காத சட்டமாக இருந்த ஊர்கள் இவை. 1882இல் பம்பாயில் வந்திறங்கிய இரட்சணிய சேனைக்காரர்களையும் தெருவில் வாத்தியம் வாசித்து ஊர்வலம் போனதற்காகத்தான் போலீஸ் பிடித்தது. வாத்தியத்துக்குப் பின்னால் ஒரு கூட்டம் நடக்கிறது என்றால் அந்த நேரத்துக்கு அந்தத் தெரு அவர்களுடையது. பேண்டு எந்தச் சாதிக்கும் விதிக்கப்படாத வாத்தியமானதால், 'உனக்கு இந்த மேளம் கிடையாது' என்று மறுப்பதற்கும் பழைய வழக்கம் எதையும் எடுத்துக்காட்ட முடியவில்லை. ஏறிவந்த சாதிகள் பேண்டு வைத்துக் கல்யாணம் செய்ததில் ஆடம்பரம் மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஆனால் இதை விடுதலைக் கதையாக எழுதி முடித்துவிட முடியாது. யாருக்கும் விதிக்கப்படாத வாத்தியம் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்ந்தது? நான் பார்த்த செட்டுகளில் பெரும்பாலானவர்கள் பறையடித்த குடும்பங்களிலிருந்தும், மருத்துவர் குலத்திலிருந்தும் வந்தவர்கள். சிவப்புக் கோட்டு, தோளில் தங்க நூல் குஞ்சம், தலையில் தொப்பி. பட்டாளத்துக்காரனின் உடுப்பைப் போட்டதும் ஆள் யாரென்று தெரியாமல் போகிறது. சட்டை போடக்கூடாத உடம்பின் மேல் கோட்டு ஏறுகிறது. ஊர்வலம் முடிகிற வரைக்கும்தான் இந்த மாயம். மண்டப வாசலில் கோட்டைக் கழற்றியதும் பந்தியில் எந்த வரிசை, எத்தனையாவது பந்தி என்ற கேள்வி வந்துவிடும். ஒரு கிளாரினெட்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"நோட்டுப் பாத்து வாசிப்பீங்களா அண்ணாச்சி?"

"நோட்டெல்லாம் எங்க மாஸ்டரோட போச்சு தம்பி. இப்ப காதுதான் நோட்டு. படம் வந்த மறுநாளே பாட்டு கேப்பாம்லா, அதுக்கு யாரு நோட்டு எழுதித் தருவா?"

சினிமாப் பாட்டு வாசிக்கிறார்கள் என்பதுதான் பேண்டின் மேல் வைக்கப்படும் இன்னொரு குற்றச்சாட்டு. உண்மையில் அதன் வலுவே அதுதான். மாதா கீதம், எம்.எஸ்.வி., இளையராஜா, சாவுக்கு ஊதும் மெதுநடை, எல்லாம் ஒரே ஆளின் நுரையீரலிலிருந்து ஒரே நாளில் வெளிவருகின்றன. காலையில் கல்யாணம், சாயங்காலம் கல்லறை என்று இரண்டு ஆர்டர் ஓடுகிற நாளும் உண்டு. மங்கல வாத்தியம், அமங்கல வாத்தியம் என்ற பிரிவினை நம் இசையமைப்பின் அடித்தளம். கல்யாணத்துக்கு நாதஸ்வரம், சாவுக்குப் பறை. இடம் மாறினால் அபசகுனம். பேண்டு இரண்டுக்கும் ஒரே கோட்டில் போகிறது. இதை ஒரு சமிக்ஞை முறையின் குலைவு என்று சொல்லலாம். இவ்வளவு அமைதியாக நடந்த குலைவை நம் கோட்பாட்டாளர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மற்ற நாடுகளில் இது எப்படிப் பார்க்கப்பட்டிருக்கிறது? இங்கிலாந்தின் வடக்கில் பஞ்சாலைத் தொழிலாளர்களும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களும்தான் பித்தளைப் பேண்டை வளர்த்தார்கள். 1853இல் மான்செஸ்டரில் போட்டி தொடங்கியது. 1855இல் யார்க்ஷயரில் ஓர் ஆலையின் பெயரிலேயே பிளாக் டைக் மில்ஸ் பேண்டு உருவானது. முதலாளிகள் பணம் கொடுத்தார்கள், தொழிலாளி குடிக்காமல் இருப்பான் என்ற கணக்கில். தொழிலாளிகள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகும் அங்கே பேண்டு ஒரு வர்க்கத்தின் நினைவாக எழுதப்படுகிறது, படமாக எடுக்கப்படுகிறது. தூத்துக்குடியிலும் அதே பருத்தி, அதே நீராவி, பிரிட்டிஷ் முதலாளிகள்தான். 1908இல் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கேட்டு வ.உ.சி. பின்னால் நின்ற கோரல் மில் தொழிலாளிகளைப் பற்றி நாம் பெருமையாக எழுதுகிறோம். அவர்களுடைய தெருக்களின் சத்தங்களைப் பற்றி எழுதியதில்லை. நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் சாவு ஊர்வலத்தில் ஊதிய பேண்டு ஜாஸ் இசையின் ஊற்றுகளில் ஒன்று என்று உலகமே ஒப்புக்கொள்கிறது. கொழும்பில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் மேட்சுக்குப் பப்பரே பேண்டு இல்லாவிட்டால் மேட்சே இல்லை. இங்கே மட்டும் பேண்டு யாருடையதும் அல்ல.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு (1962-65) பிறகு கத்தோலிக்கத் திருச்சபை பண்பாட்டுமயமாதல் பேசியது. பீடத்துக்கு அருகில் மிருதங்கமும் வயலினும் வந்தன, குத்துவிளக்கு வந்தது. 'இந்தியப் பண்பாடு' என்று தேடிப் போனவர்கள் சபாவின் வாசலில் போய் நின்றார்கள். மதுரை இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு (1940-2005) போன்றவர்கள் இதை மறுத்து, நாட்டார் மெட்டும் பறையுமே ஒடுக்கப்பட்டோரின் வழிபாட்டு மொழி என்றார்கள். இந்த மறுப்பு அவசியமானது. 1990களில் தலித் கலை விழாக்கள் பறையை இழிவின் அடையாளத்திலிருந்து எதிர்ப்பின் அடையாளமாகத் திருப்பிப் போட்டதும் நம் காலத்தின் முக்கியமான பண்பாட்டுச் செயல்பாடு. ஆனால் இந்த இரண்டு தரப்பும், கர்னாடக மிருதங்கத்தைக் கொண்டுவந்தவர்களும் பறையைக் கொண்டுவந்தவர்களும், ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். பேண்டு 'நம்முடையதல்ல'. வேர் தேடுகிற அரசியலுக்கு, வேரில்லாததாலேயே பயன்பட்ட ஒன்றை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பறையை அடிக்க மாட்டேன் என்று கீழே வைத்துவிட்டு டிரம்பெட்டை எடுத்தவரின் முடிவும் ஓர் அரசியல் முடிவுதான். அவர் பேரன் கல்லூரியில் பறைப் பயிற்சிப் பட்டறைக்குப் போகிறான், அதுவும் அரசியல்தான். தாத்தாவின் மறுப்பைப் பேரனின் மீட்பு அழித்து எழுதிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இடிந்தகரைப் போராட்டத்திலும், 2018 மே 22 அன்று பனிமய மாதா கோயில் முன்னிருந்து ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஜனங்கள் நடந்ததற்கு முந்தின ஸ்டெர்லைட் எதிர்ப்புக் கூட்டங்களிலும் நம் தோழர்கள் பறை அடித்தார்கள். பேண்டைக் கூப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பேண்டைக் கூப்பிடுவது அமைச்சர் வருகிற கட்சிக்காரர்கள்தான்.

கூப்பிடுவதும் குறைந்துவிட்டது. முதலில் கேசட்டும் கீபோர்டு வைத்த ஆர்கெஸ்ட்ராவும் வந்தன. பிறகு கேரளத்திலிருந்து செண்டை மேளம் வந்தது. குமரி மாவட்டத்தைத் தாண்டி இப்போது தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்கொடைக்கும் மாதா பவனிக்கும் கல்யாணத்துக்கும் சிங்காரி மேளம்தான். வெற்று மார்பும் கரைவேட்டியுமாக அந்தப் பையன்கள் நிற்பதைப் பார்த்து, எவ்வளவு பாரம்பரியம் என்கிறார்கள். கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தவர்கள் மறுபடியும் சட்டையைக் கழற்ற வேண்டிய காலம். 2013இலும் 2023இலும் தங்கத்தேர் ஓடியபோது ஊரே கூடியிருந்தது. கடல்கடந்து போனவர்களும் வந்திருந்தார்கள். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அந்தத் தொழிலுக்கு அரசு அறிக்கைகள் இருக்கின்றன, எத்தனை சிப்பி என்ற கணக்கு இருக்கிறது, அருங்காட்சியகத்தில் படம் இருக்கிறது. பேண்டுக்காரர்களிடம் இருப்பது கடன் நோட்டும், எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் போனோம் என்று எழுதிய ஆர்டர் டைரிகளும். பழைய டைரிகளைப் பெரும்பாலும் பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். யாராவது முந்திக்கொண்டு வாங்கி வைத்தால், ஐம்பது வருஷத்தில் இந்த ஊரில் யார் யாருக்குக் கல்யாணத்தில் பேண்டு வைத்தார்கள், யாருடைய சாவுக்கு எந்தத் தெரு வழியாகப் போனார்கள், எந்தத் தெருமுனையில் வாசிப்பை நிறுத்தச் சொன்னார்கள் என்பதை அதிலிருந்து எழுத முடியும்.